கம்பி வெட்டிய மறுநாள்

வலிக்காதுன்னு யாரு சொன்னது உனக்கு? அந்த நர்ஸம்மாவா? அது சொல்லும். அதுக்கென்ன, அது தாடையா உடைஞ்சு கிடக்கு? உக்காரு இப்படி. டோக்கன் கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு. யாருக்கு, உன் வீட்டுக்காரருக்கா? பைக்குல விழுந்துட்டாரா? குடிச்சிருந்தாரா? சரி சரி, மொறைக்காத. கேட்டேன், அவ்வளவுதான். நாளைக்கு ஆப்ரேசன்னா இன்னைக்கே எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. பட்டவ நான் சொல்றேன், கேட்டுக்க.

மொத நாளு வலி தெரியாது. அதை நம்பி ஏமாந்துராத. ஊசி மேல ஊசியாப் போட்டு ஆளைத் தூங்க வச்சிருப்பாக. அட, இம்புட்டுத்தானான்னு உனக்குத் தோணும். மூணாம் நாளு தெரியும் சேதி. மூஞ்சி வீங்கி, பெத்தவளுக்கே அடையாளம் தெரியாமப் போயிரும். எனக்கு ரெண்டு கண்ணும் உள்ள போயிருச்சு. எங்க வீட்டு மனுசன் என்னைப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு வராண்டாப் பக்கம் போனாரு. சிரிக்கத்தான் போனாரு. கேட்டா, இல்ல தனம், அழுகை வந்துருச்சுங்கிறாரு. இம்புட்டு வருசம் கூட இருந்தவளுக்கு அழுகை எது சிரிப்பு எதுன்னு தெரியாதாக்கும்?

எப்படி விழுந்தேன்னா, அதுவும் அந்த மனுசனாலதான். எங்களுக்கு அருப்புக்கோட்டை. அவரு தங்கச்சி ராஜாமணி, என் நாத்தனா, அவ பேரனுக்குக் காதுகுத்து. தாம்பாளத்துல தேங்கா, பழம், வேட்டி, துண்டு எல்லாம் அடுக்கி எடுத்துக்கிட்டு டிவிஎஸ்ல போறோம். கீழ கால்கிட்ட வச்சுக்க தனம்ங்கிறாரு. சீர்த் தட்டை எவளாச்சும் செருப்புக் கால் படுற எடத்துல வைப்பாளா? நீ வைப்பியா? அதான் ஒரு பக்கமா உக்காந்து மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். அந்த வேகத்தடை எமன் மாதிரி வந்துச்சு. நான் அப்ப அவருகிட்ட, உங்க தங்கச்சி நம்ம வீட்டு விசேசத்துக்கு என்ன செஞ்சா, நாம மட்டும் ஏன் இம்புட்டுச் செய்யணும்னு நியாயத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பின்னாடி பேசுறவளுக்கு பதில் சொல்றதா ரோட்டைப் பாக்குறதான்னு அந்தாளுக்கு ஒரு கணக்கு இல்ல. விழுந்தேன். கையை ஊனியிருந்தா கை போயிருக்கும். நான் தட்டை விடல. தாடை நேரா தார் ரோட்டுல போய் மோதுச்சு. ஒரு பழம் சிதறல தெரியுமா? இதை நாத்தனாகிட்ட சொன்னா, உங்களை யாரு மதினி புடிச்சுக்கிட்டே விழச் சொன்னாங்கிறா. நன்றி கெட்ட ஜென்மம்.

என்ன கேட்ட? சாப்பாடா? சாப்பாட்டை மறந்துரு. மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேத்துக் கம்பியாலக் கட்டிருவாக. ஒன்றரை மாசம். தண்ணியா எது இருக்கோ அதுதான். பால், கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி. எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, வேட்டித் துணியில வடிகட்டி, ஊசி போடுற சிரிஞ்சுல ஒரு டியூபை மாட்டி, கன்னத்து ஓரமா உள்ள விடணும். பாதி உள்ள போகும், பாதி நெஞ்சுல வழியும். ஒதடும் தவடையும் மரத்துப் போயிருக்கும். வழியுறதே ஆளுக்குத் தெரியாது. தோள்ல ஒரு துண்டு போட்டு வச்சுரு. கம்பி முனை கன்னத்துல குத்தும், அதுக்கு மெழுகு மாதிரி ஒண்ணு குடுப்பாக, உருட்டி ஒட்டிவிடணும். ஆளு எளைச்சிருவாரு. எளைக்கட்டும், விடு. பயப்பட வேண்டியது வாந்திக்குத்தான். வாந்தி வந்தா மூச்சு அடைச்சிரும்னு சொல்லி கம்பியை வெட்டிவிட ஒரு கட்டிங் பிளேயரைப் பக்கத்துலயே வச்சுக்கச் சொல்லுவாக. எங்க வீட்டுல கட்டில் கால்ல கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தாரு எங்க ஆளு. வெட்டத் தெரியுமான்னு நர்ஸு கேட்டதுக்கு, அவசரம்னாத்தானே வெட்டணும், சும்மா வெட்டக் கூடாதுல்லன்னு மூணு தடவை கேட்டுக்கிட்டாரு. என் மேல அம்புட்டு அக்கறை.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த வலியெல்லாம் ஒரு வலியே இல்ல. வீட்டுல நம்ம வாயைக் கட்டிப் போட்டுட்டா அவுக எப்படி ஆடுவாகங்கிறது இருக்கு பாரு, அதுதான் வலி. எனக்கு ஏதாச்சும் வேணும்னா எவர்சில்வர் டம்ளரைத் தட்டணும். தட்டுனா வருவாக, ஆனா சாவகாசமா வருவாக. அதுவரைக்கும் வாயே தொறக்காத மனுசன் குளிக்கும்போது பாட்டுப் பாடுறாரு. கௌசி, என் மக, ஒரே மக, அவ அப்பங்கூட உக்காந்து கேரம் ஆடுறா. சிரிப்பு வேற. ஒருத்தி தாடை உடைஞ்சு கிடக்கா, இங்க என்னடி சிரிப்புன்னு கேக்கக்கூட வழியில்ல எனக்கு. டம்ளரைத் தட்டுனா, என்னம்மா பால் வேணுமான்னு ஓடி வர்றா. பால் வேணுமாம்!

எழுதிக் காட்டலாமேங்கிறியா? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதோட சரி. அப்படியே எழுதத் தெரிஞ்சாலும் நான் சொல்ல வேண்டியதுக்கு எந்தக் காகிதம் பத்தும்?

அந்த நேரத்துலதான் என் நாத்தனா சதி பண்ணுனா. கௌசிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டே இருந்தோம். வருவாக, பாப்பாக, பஜ்ஜி தின்னுட்டுப் போவாக. அப்புறம் பதில் வராது. அதுக்கு என்னையச் சொல்லுவா ராஜாமணி. நான் என்ன செஞ்சேன்? பொண்ணைப் பெத்தவ கேக்க வேண்டியதைக் கேட்டேன். ஒருத்தனுக்கு நெத்தி நடு மண்டை வரைக்கும் போயிருந்துச்சு. இது எந்த வயசுல இருந்துன்னு கேட்டேன். இன்னொரு வீட்டுல மாமியாக்காரி இருமிக்கிட்டே இருந்தா. சளியா, இல்ல வேற ஏதாச்சுமான்னு கேட்டேன். தப்பா? மக போய் வாழப் போற வீடு. நீ சொல்லு, தப்பா? சும்மா தலையை ஆட்டாத.

நான் கட்டில்ல கிடக்கேன், அடுத்த ரூம்புல நாத்தனா என் வீட்டுக்காரருகிட்ட சொல்றா. அண்ணே, சாத்தூர்ல ஒரு நல்ல எடம் இருக்கு, மதினிக்கு வாய் கட்டியிருக்கும்போதே வரச் சொல்லிருவோம்ங்கிறா. கட்டுனது வாயைத்தான், காது நல்லாத்தான் இருக்குங்கிறது அந்த மூதேவிக்கு மறந்து போச்சு. இவரு என்ன சொல்லியிருக்கணும்? வாயை மூடுன்னு சொல்லியிருக்கணுமா இல்லையா? பாவம்மா, தனத்துக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கிறாரு. அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு, ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்கிறாரு.

வந்தாக. மாப்பிள்ளை பேரு மணிமாறன். தீப்பெட்டி ஆபீசுல சூப்பர்வைசர். பாக்க லட்சணமாத்தான் இருந்தான், பொய் சொல்லக் கூடாது. அவங்கம்மா சுந்தரவள்ளி. அப்பா திருப்பூர்ல வேலை, லீவு கிடைக்கலன்னாக. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. மகனுக்குப் பொண்ணு பாக்க வர லீவு குடுக்காத கம்பெனி எதுடான்னு கேக்கணும்னு நாக்கு துடிக்குது, பல்லு தொறக்க மாட்டேங்குது. ம்ம்ம்னு சத்தம் வருது. பாவம் வலிக்குது போலன்னு அந்தம்மா எழுந்து வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. பொண்ணோட அம்மா முகத்துலயே ஒரு அமைதி தெரியுதுன்னா. என் வீட்டுக்காரரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நாத்தனா காப்பித் தட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா.

பூ வச்சுட்டாக. ரெண்டாவது தடவை வந்தப்பவே தட்டு மாத்தியாச்சு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாலும் நான் என்ன சொல்ல? தாம்பாளத்தை என் கையில குடுத்து நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாக. அதுல நான் குனிஞ்ச தலையோட நிக்கிறேன். எச்சில் வழியுதேன்னு குனிஞ்சிருக்கேன். பாக்குறவுக என்னமோ நாந்தான் கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பாக.

அந்த சுந்தரவள்ளி அதுக்கப்புறம் அடிக்கடி வர ஆரம்பிச்சா. சாத்தூர்ல இருந்து பஸ் ஏறி வருவா. கம்பை மாவாக்கி, கூழாக் காய்ச்சி, தண்ணியா வடிச்சு, தூக்குவாளியில கொண்டு வருவா. அவளே சிரிஞ்சுல எடுத்து ஊட்டுவா. வழிஞ்சா அவ முந்தானையாலத் தொடைப்பா, அருவருப்பே பட மாட்டா. ஊட்டிக்கிட்டே பேசுவா. அந்தம்மாவுக்குப் பேச ஆள் இல்ல போல. ஒரு நாள் மத்தியானம், வீட்டுல வேற யாரும் இல்ல. திடீர்னு அழுதா. மதினி, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலன்னா. அவ புருசன் திருப்பூர்ல வேலைக்கு இருக்கிறது நெசந்தானாம். ஆனா அங்க வேற ஒருத்தி கூட இருக்கானாம். வருசக்கணக்கா. சொந்தக்காரவுக யாருக்கும் தெரியாதாம், மகனுக்கு மட்டுந்தான் தெரியுமாம். கல்யாணத்தன்னைக்கு மட்டும் வந்து மாலையும் கழுத்துமா நிக்கிறேன்னு சொல்லியிருக்கானாம். வேண்டாம்னு தோணுனா இப்பவே சொல்லிருங்க மதினி, என் தலையெழுத்து என் மகன் மேல விழக் கூடாதுன்னு அழுகுறா. நான் என்ன செய்ய? அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். வாய் இருந்திருந்தா அங்கனயே நாக்கைப் புடுங்குற மாதிரிக் கேட்டிருப்பேன். இல்லாததால கையைப் புடிச்சேன். அவ என்ன நெனச்சாளோ, உங்ககிட்ட சொன்னதுல மனசு லேசாயிருச்சு மதினின்னு என் தோள்ல சாஞ்சுக்கிட்டா.

கௌசியும் அப்படித்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்தா நேரா என் கட்டிலுக்கு வருவா. மடியில தலை வச்சுப் படுத்துக்குவா. சின்னப்பிள்ளையில படுத்தது. நான் தலையைக் கோதிவிடுவேன், வேற வேலை என்ன எனக்கு. அவ பாட்டுக்குப் பேசுவா. ஆபீசுல நடந்தது, சின்ன வயசுல பயந்தது, எல்லாம். அம்மா, எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருக்கும்மான்னா. அவங்கம்மாவையும் புடிச்சிருக்குன்னா. இந்தப் பிள்ளைக்குள்ள இம்புட்டுப் பேச்சு இருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். இத்தனை வருசம் ஏன் சொல்லலன்னு தெரியல. நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? எனக்கு அந்த நேரம் வலியே இருக்காது. அது மட்டும் நெசம்.

கம்பி வெட்டுற நாளா? அதுவும் வலிதான். அன்னைக்கோட எல்லாம் சரியாப் போகும்னு நெனக்காத. கம்பியை எடுத்ததும் வாய் தொறக்கும்னு நெனச்சேன், ஒரு விரல் போகல. துருப்புடிச்ச பூட்டு மாதிரி நிக்குது. ஐஸ் குச்சி இருக்குல்ல, அதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாயில வச்சு, தினம் ஒண்ணு கூட்டிக்கிட்டே போகணும். காதுகிட்ட உயிர் போகும். மெதுவாப் பேசுங்கம்மா, கொஞ்சமாப் பேசுங்கன்னு டாக்டரு சொன்னாரு. எங்க வீட்டு மனுசன், எத்தனை நாளைக்கு சார் கொஞ்சமாப் பேசணும்னு கேட்டாரு. கூட்டியே சொல்லுங்க சார்ங்கிறாரு.

மறுநாள் முகூர்த்தப் பட்டு எடுக்க நாள் குறிச்சிருந்தாக. போனோம். ரெண்டு வீட்டு ஆளுகளும் ஜமுக்காளத்துல உக்காந்திருக்கோம். சுந்தரவள்ளியோட ஓரகத்திமாரு, அண்ணன் பொண்டாட்டி, எங்க நாத்தனா, எல்லாரும். என்னைப் பாத்ததும் சுந்தரவள்ளி ஓடி வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பாத்தா. மதினி, கம்பியை எடுத்துட்டாகளாமே, இன்னைக்குத்தான் உங்க குரலையே கேக்கப் போறேன்னா. அம்புட்டு சந்தோசம் அவளுக்கு. கௌசி என் முழங்கையைப் புடிச்சு அமுத்துனா. எதுக்கு அமுத்துறான்னு எனக்குப் புரியல.

புடவையா விரிச்சாக. அரக்குல ஒண்ணு, நல்ல சரிகை. கௌசிக்குப் புடிச்சிருச்சு, மூஞ்சியே சொல்லுச்சு. கடைக்காரரு, மாப்பிள்ளை வீட்டு அம்மா உங்க கையால எடுத்து மருமக கையில குடுங்கன்னாரு. சுந்தரவள்ளி எடுத்துட்டா. நீ சொல்லு, முகூர்த்தப் புடவையை யாரு எடுத்துக் குடுக்கணும்? புருசனோட நல்லா வாழுற சுமங்கலி. நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் அதானே முறை? என் மக கட்டப் போற புடவை. அவ வாழ்க்கை. நான் சத்தம் போடல. ஒரு விரல் தொறக்காத வாயில எங்க சத்தம் போட? மெதுவாத்தான் சொன்னேன். நீங்க வைங்க மதினி, புருசன் இன்னொருத்தி கூட இருக்கும்போது நீங்க எடுத்துக் குடுக்குறது முறை இல்ல, உங்க ஓரகத்தி எடுக்கட்டும். இவ்வளவுதான் சொன்னேன். இதுல ஒரு வார்த்தை பொய்யா? ஒரு வார்த்தை கெட்ட வார்த்தையா?

ஓரகத்திமாரு ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாக. சுந்தரவள்ளி புடவையை மடிச்சா. பதட்டமே இல்லாம மடிப்பு மடிப்பா மடிச்சுக் கீழ வச்சா. என் வாயையே பாத்தா. உங்க குரலைக் கேக்கணும்னு எம்புட்டு ஆசையா வந்தேன் தெரியுமா மதினின்னா. செருப்பைக்கூட மாட்டல, கையில எடுத்துக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா. பின்னாடியே அந்தப் பையன் போனான்.

அப்புறம் என்ன, தட்டு திரும்பி வந்துருச்சு. எங்க ஆளு சாத்தூருக்கு டிவிஎஸ்லயே போய் அவுக வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்தாரு. கதவைத் தொறக்கலையாம். அந்தப் பையன் கௌசிக்குப் போன் போட்டு, அம்மா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாமக் கிடக்காங்க, அவங்களை விட்டுட்டு என்னால வர முடியாதுன்னானாம். பாத்தியா, அம்மா முந்தானையைப் புடிச்சுக்கிட்டுத் திரியுறவன். நல்லவேளை தப்பிச்சோம்னேன். நாத்தனா என் வீட்டுப் படி ஏற மாட்டேன்னுட்டா. ஏறாட்டிப் போகட்டும். வீட்டு மனுசன் இப்பப் பாட்டும் பாடுறதில்ல, ஒண்ணும் பாடுறதில்ல. எல்லாருக்கும் நான் வில்லி. ஒளிச்சு வச்சுக் கல்யாணம் பண்ணப் பாத்தவ மகராசி, உள்ளதைச் சொன்னவ வில்லி. நல்லா இருக்கு நியாயம்.

இப்ப வலி எப்படியிருக்குன்னு கேக்குறியா? பரவாயில்ல. குளிருக்கு மட்டும் காதோரம் விண்ணுன்னு இழுக்கும். தவடையில ஒரு எடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கு, திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும்னு சொல்லிட்டாரு டாக்டரு. இட்லி திங்கிறேன். முறுக்குதான் முடியல. உன் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசு, சீக்கிரம் ஆறிரும். நீ பயப்படாத. நீ கூட இருந்தா போதும்.

எனக்குக் கூட வந்தது யாரா? அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல பச்சைச் சுடிதார் போட்டு நிக்கிறாளே, அவதான் கௌசி. லீவு போட்டுட்டு வந்திருக்கா. கூட்டிட்டு வருவா, கூட்டிட்டுப் போவா, வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சி ஆத்தி வைப்பா, மாத்திரையை உடைச்சுக் கையில குடுப்பா. ஒரு கொறையும் சொல்ல முடியாது. பேச மட்டும் மாட்டா. அந்தப் புடவைக் கடையை விட்டு எறங்குனதுல இருந்து என்கிட்ட ஒத்தை வார்த்தை பேசல. திட்டவாச்சும் செய்யலாம்ல? பேசுடி, என்னைய நாலு வார்த்தை கேளுடின்னு கத்திப் பாத்துட்டேன், தாடை வலிச்சதுதான் மிச்சம். மடியில வந்து படுக்க மாட்டாளான்னு சாயங்காலமானா கட்டில்லயே உக்காந்திருக்கேன். அவ டம்ளரை வச்சுட்டுப் போயிர்றா. இதுக்கு மாத்திரை கிடையாதாம் தாயி.

இரு, என் நம்பரைக் கூப்பிடுறாக. நான் உள்ள போறேன். நீ ஒண்ணு செய்யி. விடிகாலையில பஸ் ஏறுனது, எனக்குக் கஞ்சி குடுத்தா, அவ எதுவும் தின்ன மாதிரி தெரியல. போய் அவகிட்ட சாப்பிட்டியாம்மான்னு கேளு. நீ கேட்டா பதில் சொல்லுவா. என்ன சொன்னான்னு அப்படியே வந்து எனக்குச் சொல்லு. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.